ஈக்காட்டு ஆலயமும் நம் மக்களும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கிறித்தவ ஆலயமொன்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் கீழ்க்கட்டளையும், திருவள்ளூரை அடுத்த ஈக்காடும் முன்னாளில் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. அங்கு நம்மவர் பட்ட பாடே இங்கும் நம் முன்னோர் பட்டது. அதன் சான்று ஈக்காட்டில் நிற்பதால் பேசுகிறோம்.

1882இல் சென்னைக்கு வந்த வெஸ்லியன் மெதடிஸ்டு மிஷனெரி வில்லியம் கௌடி, பின்னர் ஈக்காட்டைத் தம் பணிக்களமாகக் கொண்டார். சேரிகளில் அவர் கண்டது பசி மட்டுமன்று. குடிசை நின்ற நத்தமும் தமதே என மிராசுதார் உரிமை கொண்டாடினர். பணிய மறுத்தவன் குடியிருப்பையும் இழப்பான். பள்ளிக்கூடம் எழுப்ப ஒரு சிறு மனை கிடைப்பதும் அரிது. கௌடியும், செங்கற்பட்டில் பணியாற்றிய ஆதாம் ஆண்ட்ருவும் இக்கொடுமையை அரசுக்கு எடுத்துரைத்தனர். கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30இல் பிறந்த 1010ஆம் எண் அரசாணையும் அக்காலத்தில் எழுந்தவையே. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் வழக்காடுவதன் தொடக்கம் அது.

ஆகவே அவ்வாலயத்தை வெறும் வழிபாட்டிடமாகக் கொள்ளலாகாது. சொந்த மனையில்லாதோர் அஞ்சாது கூடியமர்ந்த இடம் அது. கிராமச் சபைகள் பலவற்றில் வாரநாளில் பள்ளிக்கூடமும் ஞாயிறன்று கோயிலும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. ஆசிரியரே உபதேசியார், சம்பளமோ அற்பம். எம் தொழிலில் அது பழைய வழக்கம் போலும்! 1947 செப்டம்பர் 27இல் இம்மிஷன் வளர்த்த சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன.

பழைய ஆலயங்களை இடித்துப் பெரிதாய்க் கட்டும் ஆர்வம் இன்று ஊர்தோறும் காணப்படுகிறது. மக்கள் பெருகினால் இடம் வேண்டும், மறுக்கவில்லை. பழையதை விட்டு அருகில் கட்டலாமன்றோ? இடிப்பதற்கு நிகரான பழுதுபார்ப்பும் உண்டு. சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவர். சுவரில் ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி, உப்புப் பூத்துச் செங்கல் பொடியாய் உதிரும். தளத்தில் முளைத்த அரசஞ்செடியைக் கிள்ளி எறிவர். வேரோ உள்ளிருந்து விரிசலை அகலமாக்கும்.

கட்டடத்தினும் விரைவில் அழிபவை ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள். பட்டாவில் இடம்பெறாத நம் பாட்டன்மாரின் பெயரும் ஊரும் அவற்றில் உள்ளன. 1950ஆம் ஆண்டு ஆணை கிறித்தவரானோரைப் பட்டியல் சாதியினின்று விலக்கியமையால், அவற்றை வெளியில் எடுக்க அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆதலின் ஏடுகளைப் பொதுவில் வைக்க வேண்டா. சபையாரின் இசைவு பெற்றுப் படியெடுத்து, மூலத்தைக் கரையான் அணுகாத இரும்புப் பெட்டியில் ஆயர் பொறுப்பில் பூட்டி வைத்தல் நன்று. அப்பணிக்குச் சங்கத்து மாணவர் வரும் கோடை விடுமுறையில் முன்வருவாராயின், உடன்வர நாம் அணியமாயிருக்கிறோம்.