யோசனைக்கு வழிச்செலவு

மஞ்சள் ஏலத்துக்குப் பேர்போன நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் வேகவைக்கும் அடுப்பின் புகையைக் குறைக்க எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வழி தோன்றுகிறது என்று வையுங்கள். அதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகப் பணம்?

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் திட்டம் கைகொடுக்கிறது. ஒரு பள்ளி 5 யோசனைகள் வரை இணையவழி அனுப்பலாம். தேர்வானால் மாணவியின் வங்கிக் கணக்கிலேயே 10,000 ரூபாய் வந்துசேரும். மாதிரி செய்யவும் மாவட்டக் கண்காட்சிக்குப் போய்வரவும் அந்தப் பணம்தான்.

அமெரிக்காவில் 1978-இல் பிறந்த ஒடிசி ஆஃப் தி மைண்ட் என்ற மாணவர் படைப்பாற்றல் போட்டியில், படைப்புக்கான பொருட்செலவுக்கு உச்சவரம்பு உண்டு. பயணச்செலவு தனி. அதற்காக அங்கே அணிகள் கார் கழுவியும் பலகாரம் விற்றும் பணம் திரட்டுகின்றன. நல்ல பழக்கம்தான். ஆனாலும் கூலிவேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பணம் முன்னதாகவே கையில் கிடைப்பதே நியாயம்.

வங்கிக் கணக்கு இல்லாத பிள்ளைகள் இந்த வாரமே ஒன்றைத் தொடங்கிவிடலாம்.