எஸ். ஆர். சங்கரன்: அரசுப் பணியிலிருந்து மக்கள் இயக்கத்துக்கு

எஸ். ஆர். சங்கரன் (1934–2010) தமிழ்நாட்டில் பிறந்து, ஆந்திரப் பிரதேசத்தில் இந்திய ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்தவர். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையான காலத்தில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலத்திடம் பணியாற்றினார். நிருபேன் சக்கரவர்த்தி முதல்வராக இருந்தபோது திரிபுராவின் தலைமைச் செயலாளரானார். மத்திய ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளராக இருந்து 1992இல் ஓய்வு பெற்றார். பதவிகளின் வரிசை இவ்வளவுதான். அவற்றைக் கொண்டு அவர் செய்த காரியமே பேசத்தக்கது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. கடன் ரத்தாகும், அடிமைப்பட்டவர் விடுதலை பெறுவார் என்று எழுதியாயிற்று. ஆனால் பண்ணையாரின் தயவில் பிழைப்பவர் தாமாகத் தாலுகா அலுவலகத்துக்கு வந்து மனு கொடுக்கப்போவதில்லை. அதிகாரி சேரிக்குப் போய்க் கேட்டால்தான் சட்டத்துக்கு வேலை. ஆந்திரத்தில் சமூக நலத் துறையைக் கவனித்த சங்கரன் அப்படித்தான் போனார். கூலிக்காரர்களிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னார். ஆட்சியிலிருந்தோரின் எரிச்சலுக்கும் ஆளானார்.

1987 டிசம்பரில் கிழக்குக் கோதாவரி மலைப்பகுதியில் நக்சலைட் அமைப்பான மக்கள் யுத்தக் குழுவினர் கடத்திச் சென்ற அதிகாரிகளில் அவரும் ஒருவர். பத்தாண்டு கழித்து, அதே குழுவுக்கும் அரசுக்கும் இடையில் வன்முறையைத் தணிக்க முயன்ற அக்கறையுள்ள குடிமக்கள் குழுவை அவரே முன்னின்று நடத்தினார் என்பதைக் கசப்பற்ற மனத்துக்குச் சான்றாகக் கொள்ளலாம். குடிமக்கள் குழுவின் முயற்சியும் சேர்ந்து 2004இல் ஐதராபாத்தில் பேச்சுவார்த்தை நடந்தது, அது நிலைக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் அவர் அதிகம் உழைத்தது, கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கப் பாடுபட்ட சஃபாய் கர்மசாரி ஆந்தோலனுக்காக. கோலார் தங்கவயலில் அத்தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன் அதன் முகம், சங்கரன் வழிகாட்டி. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிகளைத் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் கடிதத் தாளின் தலைப்பில் அச்சிடத்தான் அழைக்கின்றன. இங்கே தேவைப்பட்டது அவருடைய பெயரன்று, அரசு எந்திரம் எங்கே சிக்கி நிற்கிறது என்ற அறிவு.

உலர் கழிப்பறைகளைத் தடைசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். மாநிலங்கள் தனித்தனியே ஏற்றால்தான் அது அங்கே செல்லும். நிர்வாக அதிகாரியின் முன் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது. குற்றம் நடந்த இடங்களோ பல ஊர்களில் நகராட்சியின் கழிப்பறைகளே. தன் ஆட்கள்மேல் தானே வழக்குப் போட எந்த அலுவலகம் கையெழுத்திடும்? சட்டம் ஆண்டுக்கணக்கில் உறங்கியது.

2003இல் இயக்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. பல மாநிலங்கள் தங்களிடம் அந்தத் தொழிலே இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. இயக்கத்தினர் ஊர் ஊராகக் கணக்கெடுத்து, புகைப்படங்களோடு மறுத்தார்கள். அரசின் 'இல்லை' என்ற சொல்லை மேடைப் பேச்சால் அசைக்க முடியாது, இன்ன தெரு, இன்ன கழிப்பறை என்ற ஆவணத்தால் முடியும். கோப்புகளிலேயே வாழ்ந்த ஒருவருக்கு இது பாலபாடம்.

2005இல் அறிவிக்கப்பட்ட பத்ம பூஷண் விருதை அவர் ஏற்கவில்லை. மணம் செய்துகொள்ளாத அவருடைய வருமானத்தில் கணிசமான பங்கு ஏழை மாணவர் படிப்புக்குப் போயிற்று.

2010 அக்டோபரில் அவர் காலமானபோது வழக்கு நிலுவையில் இருந்தது. 2013இல் வந்த புதிய சட்டம் இத்தொழிலில் ஆளை அமர்த்துவதைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கி, மறுவாழ்வையும் சேர்த்துக்கொண்டது. 2014 மார்ச்சில் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023இல் வேறொரு வழக்கில் அத்தொகை 30 லட்சமாயிற்று. குழிக்குள் ஆள் இறங்குவது இன்னும் நின்றபாடில்லை.