கிறேஸ் வீதியில் பெரிய வெள்ளி



பனி உருகி முடிந்து, புல்லெல்லாம் மண்ணிறத்தில் கிடக்கிற காலம் இது. ரொறன்ரோ ஹை பார்க் செர்ரி மரங்கள் பூக்க இன்னும் சில கிழமை ஆகும். அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் படம் எடுத்து வைத்திருப்பீர்கள். இன்றைக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போக விரும்புவது ஒரு சின்னத் தெருவுக்கு.

ஸ்காபரோவில் இருப்பவர்கள் கெனடியில் சப்வே ஏறி, கிறிஸ்ரியில் இறங்குங்கள். புளோர் வீதியிலிருந்து தெற்கே இறங்குகிறது கிறேஸ் வீதி. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய செங்கல் வீடுகள். கொலிஜ் வீதியை நெருங்க நெருங்க முன்வளவுகளைக் கவனியுங்கள். சிலவற்றில் இரும்புக் குழாயால் கட்டிய திராட்சைப் பந்தல். சிலவற்றில் சின்னக் கூட்டுக்குள் மாதா சுருவம். சில வளவுகளில் மண் மேடாகக் கிடக்கும், மேலே பலகை வைத்திருக்கும். அதற்குக் கீழே படுத்திருப்பது அத்தி மரம்!

இத்தாலியின் கலாப்ரியாவிலும் சிசிலியிலும் இருந்து இங்கே வந்து குடியேறியவர்களுக்கு அத்தி இல்லாமல் வீடில்லை. ரொறன்ரோக் குளிரோ அதைக் கொன்றுவிடும். ஆகவே இலை உதிர்ந்த பிறகு ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தை மெல்லச் சரித்து, வெட்டி வைத்த குழியில் கிடத்தி, பலகையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார்கள். ஏப்ரலில் மண்ணை விலக்கி மரத்தை நிமிர்த்துவார்கள். கோடை கடைசியில் காய்க்கும். முருங்கைக் கன்றைச் சாடியில் வைத்துப் பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் காப்பாற்றுகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அந்தக் கைகளுக்கு இந்த மண்மேடு உடனே விளங்கும்.

கொலிஜ் சந்திக்கு வந்துவிட்டோம். ஜோனி லொம்பார்டி 1966இல் சின் வானொலியைத் தொடங்கி, பல மொழிச் சனங்களைத் தங்கள் தங்கள் மொழியில் பேசவைத்தது இந்த லிட்டில் இத்தாலியில் இருந்துதான். மைக்குக்கு முன்னால் இருந்து பிழைக்கிற எனக்கு இந்தச் சந்தி கோயில் வாசல் மாதிரி. சரி, கடந்து இன்னும் கொஞ்சம் தெற்கே வாருங்கள். மான்ஸ்ஃபீல்ட் வீதி மூலையில் அசிசியின் புனித பிரான்சிஸ் கோயில். முதலில் ஐரிஷ்காரருக்காக எழும்பிய கோயில், பிறகு இத்தாலியருக்கு வந்தது.

பெரிய வெள்ளி பிற்பகலில் இந்த மூலையில் வந்து நில்லுங்கள். வீட்டை விற்றுவிட்டுப் புறநகர் வூட்பிரிட்ஜுக்குப் போன குடும்பங்களெல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்திருக்கும். மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் நிற்கும். ஐம்பது வருடங்களுக்கு மேலாக நடக்கிற ஊர்வலம். கொலிஜ் வீதியில் ஓடும் 506 ஸ்ட்ரீட் காரைக்கூட வேறு வழியாகத் திருப்பிவிடுவார்கள். பித்தளை வாத்தியக் குழு சாவுக்குரிய மெட்டை வாசித்துக்கொண்டு முன்னே வரும். உரோமைச் சிப்பாய் உடுப்பில் ஆட்கள். சிலுவை சுமந்து ஒருவர். ஒவ்வொரு ஊர்ச் சங்கத்தாரும் தங்கள் சுருவத்தைத் தோளில் ஏற்றி வருவார்கள். பாடையில் கிடத்திய இயேசு வருகிறபோது வீதியோரத்தில் பேச்சு நின்றுவிடும். அதற்குப் பிறகு, தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, கையில் லேஞ்சியோடு மாதா. வியாகுல மாதா. அவளைச் சுற்றி வயதான பெண்கள் பாடிக்கொண்டு வருவார்கள். எனக்கு இத்தாலியம் தெரியாது. ஆனால் அந்த இழுப்பு, ஒரு வரியின் முடிவில் குரல் இறங்கி நடுங்குகிற அந்த இடம், எனக்குத் தெரிந்த இடம்.

யாழ்ப்பாணம் குருநகரில் தவக்கால இரவுகளில் நான் கேட்டது அது. நேயர்களில் கரையூர், பாஷையூர், நாவாந்துறை, மன்னார்ப் பக்கத்தவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும், நான் எங்கே வருகிறேன் என்று. வியாகுலப் பிரசங்கம். இயேசுவின் பாடுகளைப் பற்றிய ஒன்பது பிரசங்கங்கள். வசனம்தான், ஆனால் அதை வாசிப்பதில்லை, இராகத்தில் இழுத்துப் பாடுவார்கள். கோயில் விளக்கைக் குறைத்துவிட்டு, மூப்பர் ஒருவர் தொடங்குவார். பெண்கள் பக்கத்திலிருந்து விம்மல் கேட்கும். அம்மம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுவார். தன் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர் அவர். மாதாவுக்காக அழுகிறாரா, தனக்காகவா என்று சின்ன வயதில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இப்போதும் பிரிக்க விருப்பமில்லை.

வியாகுலப் பிரசங்க நூலை எழுதியவர் தமிழரல்லர் என்பதை வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார். 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். தாய்மொழி கொங்கணி. 1705இல் இலங்கைக்கு வந்தார். அப்போது கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபின் அவர்கள் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், பூசையைத் தடைசெய்தார்கள். இவருக்கு முன்னே வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் கரையிறங்கி, யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து, இரவில் வீடு வீடாகப் பூசை வைத்தவர். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். கண்டி அரசனின் நிழலில்தான் இந்த இரண்டு குருமாரும் நடமாடினார்கள்.

குருவானவர் வருடத்தில் ஒரு தரம் வந்தாலே பெரிது. அப்படியான சனத்துக்குக் குரு இல்லாத நாளிலும் கூடி நின்று செபிக்க எது இருக்கிறது? கொன்சால்வஸ் அதைத்தான் எழுதிக் கொடுத்தார், தமிழிலும் சிங்களத்திலும். அச்சுக்கூடம் ஒல்லாந்தரிடம் இருந்தது. இவருடைய நூல்கள் கைப்பிரதியாகவே ஊர் ஊராகப் போயின. சிங்களத்திலும் அவருக்கு ஒன்பது பிரசங்கம் உண்டு. நீர்கொழும்புப் பக்கத்துப் பாஸ்கு, அதாவது இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம், அதன்மேல் வளர்ந்தது. நம் பக்கத்துப் பாஸ்குவும் இந்தப் பிரசங்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. மன்னார் பேசாலையில் அசையும் சுருவங்களைக் கொண்டே பாடுகளைக் காட்டினார்கள், பிரசங்கம் பின்னால் ஒலிக்கும். கொன்சால்வஸ் 1742இல் போலவத்தையில் இறந்தார், அங்கேயே அடக்கம். ஒரு பிறமொழிக்காரர் நம் ஒப்பாரியின் தொனியை இவ்வளவு உள்ளே போய்க் கேட்டிருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம் தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்கவேண்டும். எங்கே கேட்டாலும் இதைச் சொல்லுவேன்.

கிறேஸ் வீதியில் உங்களை நிறுத்திவிட்டு எங்கேயோ போய்விட்டேன், பாருங்கள். இந்த வியாகுல மாதாவுக்கு எல்லா ஊரிலும் வீடு இருக்கிறது. மெக்சிக்கோவில் சான் மிகேல் தெ அயெந்தெ என்ற ஊரில், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வீட்டு யன்னல்களில் அவளுக்குப் பீடம் கட்டுவார்கள். ஊதாத் துணி, நாரத்தை மாதிரிப் புளிப்புத் தோடம்பழம், முளைவிட்ட கோதுமை. வாசலில் நிற்கிறவர்களுக்குக் குளிர்ந்த பழத்தண்ணீர் கொடுப்பார்கள், அது அவளுடைய கண்ணீராம்.  

பெரிய வெள்ளிக்குக் கிறேஸ் வீதிக்குப் போகிறவர்கள் மூன்று மணிக்கு முன்பே போய்விடுங்கள். காற்றுக் குளிராக இருக்கும், தொப்பியும் கையுறையும் வேண்டும். வெதுப்பகங்களில் அந்தக் கிழமை நிறம் தீட்டிய முட்டையை வைத்துப் பின்னிய பாண் கிடைக்கும். வேகவைத்த கோதுமையும் ரிக்கோட்டா பாற்கட்டியும் தோடம்பூ நீரும் சேர்ந்த பாஸ்தியேரா கிடைத்தால் விடாதீர்கள். வாங்கி ஞாயிறு வரைக்கும் வைத்திருங்கள், நேப்பிள்ஸ்காரர் அப்படித்தான் செய்கிறார்கள், ருசி ஊறும்.

வீட்டில் வியாகுலப் பிரசங்கத்தின் இராகம் தெரிந்த ஆச்சியோ அப்புவோ இருந்தால், அவர்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். மடிக்கிற கதிரை ஒன்றும் எடுத்துப்போங்கள். இத்தாலிய ஆச்சிமாரும் அப்படித்தான் நடைபாதையில் கதிரை போட்டு இருப்பார்கள், பக்கத்தில் இடம் விடுவார்கள். மாதா வருகிறபோது ஆச்சி மெல்லப் பாடத் தொடங்கினால் தடுக்காதீர்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பதிவை எனக்கு அனுப்பினால் இதே நிகழ்ச்சியில் எல்லாரும் கேட்கப் போடுவேன்.