மணலின் புதிர்



கடற்பயண நூல்கள் என்றதும் பெரிய கப்பல்களும் புயலும் கப்பற் சேதமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாவலில் வருவதோ முப்பது அடிக்குச் சற்றுக் கூடிய நீளமுள்ள ஒரு பாய்ப்படகு. அதில் இரண்டு நண்பர்கள். எதிரே அந்நிய நாட்டுக் கரை. ஏர்ஸ்கின் சில்டர்ஸ் எழுதி 1903 இல் வெளிவந்த 'த ரிடில் ஒவ் த சாண்ட்ஸ்' என்ற அந்த நாவலை 'மணலின் புதிர்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கில உளவு நாவல்களின் முன்னோடிகளுள் ஒன்றாக இதனை விமர்சகர்கள் கொள்வார்கள். எனக்கோ, இது முதலில் நட்பைப் பற்றிய நூல்.

கரதர்ஸ் லண்டனில் வெளிநாட்டு அமைச்சில் பணிபுரியும் நாகரிக இளைஞன். நண்பர்கள் எல்லோரும் விடுமுறையில் போய்விட, தனித்துச் சலித்திருக்கும் அவனுக்கு டேவிஸ் என்ற பழைய நண்பனிடமிருந்து கடிதம் வருகிறது. ஜேர்மனியின் பால்டிக் கரையில் தன் படகில் இருப்பதாகவும், உடனே வரும்படியும் அவன் எழுதுகிறான். வரும்போது அடுப்பு, திசையறி கருவி, புகையிலை எல்லாம் வாங்கிவரச் சொல்கிறான். பணியாட்கள் நிறைந்த உல்லாசப் படகை எதிர்பார்த்துப் போன கரதர்ஸ் காண்பது, பழைய உயிர்காப்புப் படகொன்றைத் திருத்தியமைத்த 'டல்சிபெல்லா'வை. அவனுடைய பெரிய பயணப்பெட்டி படகின் வாயிலுக்குள்ளே நுழையவே மறுக்கிறது. பட்டணத்து வாழ்வைக் கரையில் விட்டுத்தான் அந்தப் படகில் ஏற வேண்டும் என்பதை ஆசிரியர் ஒரு பெட்டியைக் கொண்டே சொல்லிவிடுகிறார்.

படகு கீல் கால்வாய் வழியாக வட கடலுக்கு வருகிறது. அங்கே ஜேர்மனியின் வடமேற்குக் கரையோரம் ஏழு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ளது, நம்மவர் பரவைக்கடல் என்று சொல்லக்கூடிய ஆழங்குறைந்த கடல். ஆனால் நமது கடலில் வற்றும் பெருக்கும் மிகச் சிறிது. அங்கோ நீர் இரண்டு மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். பெருக்கின்போது கடலாக இருந்த இடம் வற்றின்போது மைல் கணக்கில் மணல்வெளியாகிவிடும். அதனூடே நெளிந்தோடும் நீர்வழிகளைக் காட்டச் சிறு மரக்கிளைகள் நட்டிருப்பார்கள். நேரம் தப்பினால் படகு மணலில் குந்திவிடும். பிறகு அடுப்பை மூட்டிச் சமைத்து, அடுத்த பெருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

டேவிசுக்குக் கடல் தெரியும். ஜேர்மன் மொழி அவ்வளவாகத் தெரியாது. கரதர்சுக்கு மொழி தெரியும், கடல் தெரியாது. இந்தக் குறைகளின் மீதுதான் அவர்களின் நட்பு வளர்கிறது. நாவலின் சிறந்த பகுதி, கண் தெரியாத மூடுபனியில் நோர்டர்னி தீவிலிருந்து மெம்மெர்ட் மணற்றிடர்வரை அவர்கள் சிறு தோணியில் செல்லும் அத்தியாயம். ஒருவன் கடல் வரைபடத்தையும் திசையறி கருவியையும் மணிக்கூட்டையும் பார்த்துக் கட்டளையிடுகிறான். மற்றவன் முதுகு காட்டியிருந்து துடுப்பு வலிக்கிறான். போகும் இடத்தை இருவருமே காணவில்லை. நம்பிக்கை என்ற சொல்லை எழுதாமலே நம்பிக்கையை எழுதுவது இதுதான்.

கதையின் மறுபாதி உளவு. அம்மணற் கரையின் சிறு துறைகளிலிருந்து தட்டையான படகுகளில் படைகளை ஏற்றி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறக்க ஜேர்மனி இரகசியமாக ஒத்திகை பார்க்கிறது என்பதை நண்பர்கள் கண்டுபிடிக்கிறார்கள். அத்தகைய படையெடுப்பு ஒருபோதும் நிகழவில்லை. என்றாலும் நாவல் அரசாங்கத்தின் உறக்கத்தைக் கெடுத்தது. 1910 இல் அதே கரையை வேவு பார்த்த பிரித்தானிய அதிகாரிகள் இருவர் கைதாகிச் சிறைப்பட்டனர்.

சில்டர்ஸ் இக்கரையைக் கற்பனை செய்யவில்லை. 1897 இல் 'விக்சன்' என்ற தமது படகில், சகோதரருடன் அங்கே பாய்விரித்துச் சென்றவர் அவர். அன்று பொழுதுபோக்காகக் கற்ற அறிவு பிறகு போருக்குப் பயன்பட்டது. 1914 நத்தார் தினத்தன்று குக்ஸ்ஹாஃபென் பகுதியைத் தாக்கப் பறந்த பிரித்தானியக் கடல் விமானமொன்றில் அவரும் இருந்தார். அதே ஆண்டு ஜூலையில் 'அஸ்கார்ட்' என்ற தமது பாய்ப்படகில், மனைவியும் நண்பர்களும் உடன்வர, 900 துப்பாக்கிகளை அயர்லாந்தின் ஹவுத் துறையில் இறக்கியிருந்தார். இடமின்மையால் அந்தத் துப்பாக்கிகளின் மேலேயே அவர்கள் படுத்துறங்கினார்கள். எட்டு ஆண்டுகளின் பின், 1922 நவம்பர் 24 ஆம் திகதி, நேற்றுவரை தோழர்களாயிருந்தவர்களின் ஐரிஷ் அரசே, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக அவரைச் சுட்டுக் கொன்றது. ஒரே படகில் இருந்தவர்கள் எதிரெதிர்க் கரைகளில் நின்ற துயரம் அது.

இங்கே நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இவருடைய தந்தை ரொபர்ட் சீசர் சில்டர்ஸ், 1860 முதல் 1864 வரை இலங்கை சிவில் சேவையில் இருந்தவர். யாத்ராமுல்லே தேரரிடம் பாளி கற்று, பாளி-ஆங்கில அகராதியை 1872, 1875 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட அறிஞர் அவரே. 1876 இல் அவர் காலமானபோது ஏர்ஸ்கினுக்கு வயது ஆறு. தந்தை அந்நியக் கரையில் இறங்கி அதன் பழைய மொழியைக் கற்றார். மகன் அந்நியக் கரையின் மணலைக் கற்றார். இருவரிடமும் இருந்தது ஒரே பொறுமை. ஆனால் தந்தையின் அறிவு அகராதியாயிற்று. மகனின் அறிவு போர் வரைபடமாயிற்று. பிற நாட்டை நுணுகி அறிவது அன்புக்கும் உதவும், பகைக்கும் உதவும் என்பதற்கு இந்தக் குடும்பத்தை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நாவலில் குறைகள் உண்டு. டேவிஸ் விரும்பும் கிளாரா என்ற பெண் உயிர்பெறவில்லை. கடல் வரைபட விவரங்கள் சில வாசகர்களைச் சோர்வடையச் செய்யும். ஆனாலும் போர்த்திட்டம் பழங்கதையாகிப் போன பின்னும் மூடுபனியில் துடுப்பு வலிக்கும் நண்பர்கள் பழமையடையவில்லை. ஜேர்மன், டச்சுப் பகுதிகளில் அந்த மணற்கடல் 2009 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. 'அஸ்கார்ட்' இன்று டப்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூலைப் படிப்பவர்கள் பகைவனைத் தேடிப் போகாமல், அந்தச் சிறு படகின் அடுப்படியில் சற்று அமர்ந்துவிட்டு வரவேண்டும் என்பதே என் விருப்பம்.