அதட்டல் அவன் காதில் எப்படி விழுகிறது?

(மணலூர்பேட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தை ஐந்தாம் நாள் நம் ஊர் ஆற்றுத் திருவிழாவில் எவ்வளவு இரைச்சல் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு நடுவிலும் அம்மா கூப்பிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அது எளிதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவன் ஒருவன் இருந்தான். நான் அதட்டினால் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். கேலி செய்கிறான் என்று எண்ணி ஒருநாள் வெளியே நிற்க வைத்துவிட்டேன். மாலையில் அவன் அம்மா, "பயந்தா அவனுக்குச் சிரிப்புதான் சார் வரும்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதன்பிறகுதான் இதைப்பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

நாம் பேசும்போது சொல்லோடு தொனியும் போகிறது. மூளையின் பக்கவாட்டில், காதை ஒட்டிய பகுதி மனிதக் குரலைப் பிரித்தறிகிறது. உள்ளே இருக்கும் அமிக்டலா போன்ற பகுதிகள் அந்தக் குரலில் இருப்பது அன்பா, அச்சமா என்று உணர உதவுகின்றன. 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஏப்ரம்ஸ், வினோத் மேனன் குழுவினர் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மூளையை ஸ்கேன் செய்து ஆராய்ந்தனர். குரலை அறியும் பகுதிக்கும், மகிழ்ச்சியையும் ஊக்கத்தையும் தரும் பகுதிகளுக்கும் இடையிலான இணைப்பு அவர்களிடம் வலுக்குறைந்திருந்தது. அமிக்டலாவோடு உள்ள இணைப்பும் அப்படியே.

ஆகவே, அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காமல் இல்லை. உணர்ச்சியும் இல்லாமல் இல்லை. தொனியிலிருந்து பொருளைப் பிடிப்பதுதான் கடினம். பலருக்கு உரத்த சத்தமே வேதனை தரும். கவனக்குறைவு மிகை இயக்கம் உள்ள சிலருக்கும் தொனியைப் புரிந்துகொள்வதில் இடர் உண்டு. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை; ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

வகுப்பில் நான் கடைப்பிடிப்பவை மூன்று. ஒன்று, தொனியால் உணர்த்துவதைச் சொல்லாகவே சொல்லிவிடுகிறேன்: "எனக்குக் கோபம் இல்லை. நோட்டை எடு." இரண்டு, ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, பிறகு காத்திருப்பு. மூன்று, மணி அடிக்கும் முன்பே அவனிடம் சொல்லிவிடுவேன். ஒலிபெருக்கிக்குத் தள்ளி உட்கார வைப்பேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஐயம் வந்தால் அவர்களிடம் கேளுங்கள், பெற்றோரிடமும் கேளுங்கள். நான் அந்த அம்மாவிடம் முதல் வாரமே கேட்டிருந்தால், அந்தப் பிள்ளை அன்று வெளியே நின்றிருக்க மாட்டான்.