தோற்ற ஆண்டின் கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்த மேடையிலே புலமை மிக்கோர் இலக்கியம் பற்றியும் நாட்டு நலம் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதிவரும் எனக்கு அத்தகைய பொருள்களைத் தொடும் துணிவில்லை. ஆகவே விளையாட்டைப் பற்றிப் பேச இசைந்தேன். அதுவும் வெற்றியைப் பற்றியன்று. 2008ஆம் ஆண்டிலே நம் பெங்களூர் அணி அடைந்த தோல்வியைப் பற்றி. தலைப்பைக் கேட்டதும் நம் செயலாளர் ஐயா, "விழா நாளில் தோல்வியா?" என்று புருவத்தை உயர்த்தினார். ஆனால் அந்தத் தோல்வியை இந்தக் காலனியிலே எத்தனை பேர் எள்ளி நகையாடினோம் என்பது அவருக்கும் நினைவிருக்கும். அந்த நகைப்பு தகுமா என்று ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதே என் நோக்கம்.

முன்னாளிலே கிரிக்கெட் ஆடுவோர் மாநிலத்துக்காக ஆடினர். வயிற்றுக்கு வங்கியிலோ இரயில்வேயிலோ வேலை பார்த்தனர். 2001-02ஆம் ஆண்டில் ரஞ்சிக் கோப்பையை வென்ற இரயில்வே அணியை நாம் மறக்கலாகாது. தோனி அவர்களே கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர் அல்லரோ? ஆட்டம் தோற்றாலும் மாதச் சம்பளம் நிற்காது. ஊரார் மட்டுமே வருந்துவர். 2008இல் இந்தியப் பிரிமியர் லீக் தோன்றியபோது இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. நகரங்களின் பெயரால் எட்டு அணிகள் பிறந்தன. அவற்றைச் செல்வர்கள் ஏலத்தில் வாங்கினர். பிப்ரவரி 20ஆம் நாள் மும்பையிலே ஆட்டக்காரர்களும் ஏலம் விடப்பட்டனர். மனிதரை ஏலம் கூறுவதா என்று முதியோர் பலர் அன்று மனம் கசந்தனர். எனக்கும் அது உவப்பானதன்று. ஆயினும் விற்கப்பட்டவர் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை!

பெங்களூர் அணியை மது வணிகர் விஜய் மல்லையா 11 கோடியே 16 லட்சம் டாலருக்கு வாங்கினார். எட்டு அணிகளுள் இதனினும் விலை மிகுந்தது மும்பை ஒன்றே. சென்னையின் விலை 9 கோடியே 10 லட்சம். எல்லாவற்றினும் மலிந்தது ராஜஸ்தான், 6 கோடியே 70 லட்சம். நம் அணிக்குச் சூட்டிய பெயரே ஒரு மதுவகையின் பெயரைத் தழுவியது. சங்க மேடையில் அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தலைவராக ராகுல் திராவிட் அமர்ந்தார். இந்தூரிலே பிறந்து, மராத்தி பேசும் குடும்பத்திலே வளர்ந்து, பெங்களூரையே தம் ஊராகக் கொண்டவர் அவர். அனில் கும்ப்ளே, 9 லட்சம் டாலர் பெற்ற தென்னாப்பிரிக்கர் ஜாக் காலிஸ், ஜாகீர் கான், மார்க் பௌச்சர், டேல் ஸ்டெயின் என்று ஐந்து நாள் ஆட்டத்திலே உலகம் போற்றிய பெயர்கள் வரிசையாக நின்றன.

ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, இதே ஊரின் சின்னசாமி மைதானத்தில் போட்டித் தொடரின் முதல் ஆட்டம். கல்கத்தா அணியின் பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் 158 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அவர்கள் எடுத்தவை 222. நம்மவரோ 15.1 ஓவர்களில் 82 ஓட்டங்களுக்குள் சுருண்டனர். அந்த 82இல் எதிரணியார் உதிரியாக ஈந்தவை 19. நம் மட்டையாளர் எவரும் தனியொருவராக அத்தனை எடுத்தாரில்லை! பந்து வீச்சாளராக வந்த பிரவீண் குமார் ஒருவரே இரண்டிலக்கம் கண்டார், 18 ஓட்டங்கள். தோல்வி 140 ஓட்ட வேறுபாட்டில். தொடங்கிய இரவே இப்படியாயிற்று.

அதன்பின் மும்பையை அதன் மண்ணிலேயே வென்றனர். ஐதராபாத் அணியை 3 ஓட்டங்களில் வென்றனர். ஆனால் தோல்விகளே மலிந்தன. சென்னையிடம் 13 ஓட்டம், தில்லியிடம் 10 ஓட்டம், கல்கத்தாவிடம் மீண்டும் 5 ஓட்டம் என்று கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனவையும் உண்டு. முடிவில் 14 ஆட்டங்களில் வெற்றி 4, தோல்வி 10. எட்டு அணிகளுள் ஏழாமிடம். விலை மலிந்த ராஜஸ்தானோ ஜூன் 1ஆம் நாள் சென்னையைத் தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டது.

இவ்வளவு பெரியோர் சேர்ந்தும் ஏன் தோற்றனர்? நம் தொழிலிலிருந்தே ஓர் உவமை கூறுகிறேன். சரக்கு வண்டி எஞ்சினும் விரைவு வண்டி எஞ்சினும் ஒரே தண்டவாளத்தில் ஓடுவனதாம். முன்னது பெரும்பாரம் இழுக்கப் பற்சக்கரம் பொருத்தியது. பின்னது வேகத்துக்கென்று பொருத்தியது. சரக்கு எஞ்சினை விரைவு வண்டிக்குப் பூட்டி, "நேரத்துக்குப் போய்ச் சேரவில்லையே" என்று அதனைப் பழிப்பார் உண்டோ? நாள் முழுதும் நின்று பாரம் இழுத்தவரை இருபது ஓவரில் ஓடச் சொன்னார்கள். இந்த விளக்கம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ராஜஸ்தானின் தலைவர் ஷேன் வார்னேயும் ஐந்து நாள் ஆட்டத்தின் முதுபெரும் வீரரே. அவர் தம்மைச் சுற்றிப் பெயர் அறியா இளைஞர்களைத் திரட்டி, அவரவர்க்கு இன்ன வேலை என்று வகுத்துக் கொடுத்தார். நம் அணியில் அந்த இளைஞர் வரிசை மெலிந்திருந்தது. இருந்த இளைஞருள் ஒருவர் 19 வயது விராட் கோலி. அவ்வாண்டு 13 ஆட்டங்களில் அவர் எடுத்தவை 165 ஓட்டங்களே.

இனி, பழி யார் தலையில் விழுந்தது என்று பார்ப்போம். இதுவே என்னை இங்கே பேசத் தூண்டியது. வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால் பயணியின் சினமெல்லாம் விசாரணைச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவின் மேல்தான். போட்டி நடந்துகொண்டிருந்த மே மாதத்திலேயே நிருவாகத் தலைவர் சாரு சர்மா நீக்கப்பட்டார். பிரிஜேஷ் பட்டேல் அவ்விடத்துக்கு வந்தார். ஆட்டக்காரரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைத் திராவிடிடமும் சர்மாவிடமும் விட்டுவிட்டதே தாம் செய்த தவறு என்னும் கருத்துப்பட உரிமையாளர் பத்திரிகைகளிலே பேசினார். ஏலத்திலே தம் பணத்துக்கு வந்த பெயர்களை முதலில் கொண்டாடியவரும் அவரே. பழி சுமந்த திராவிட் அவ்வாண்டு எடுத்த ஓட்டங்கள் 371; அணியிலே அவரினும் மிகுதியாக எடுத்தவர் எவருமிலர். மிகுதியாக உழைத்தவரே மிகுதியாக ஏசப்பட்டார்.

கூலி பெற்று ஆடும் அணிகளின் வரலாற்றிலே இதைவிடப் பெருந்தோல்வி ஒன்று உண்டு. அமெரிக்கர் ஆடும் பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. 1869இலேயே சின்சினாட்டி நகரத்தார் வெளிப்படையாகச் சம்பளம் தந்து ஓர் அணியை நடத்தினர். முப்பதாண்டு கழித்து, 1899இல், கிளீவ்லாந்து நகரத்து ஸ்பைடர்ஸ் என்னும் அணி 154 ஆட்டங்களில் 134 தோற்றது! அதன் உரிமையாளரான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் நகரத்து அணியையும் வாங்கி, சை யங் போன்ற சிறந்த ஆட்டக்காரர்களை அங்கே பெயர்த்துக் கொண்டுபோயினர். எஞ்சியோரை வைத்துக்கொண்டு கிளீவ்லாந்து என்ன செய்யும்? ஆண்டு முழுதும் உள்ளூர் ஆட்டங்களைக் காண வந்தோர் ஏறக்குறைய 6,000 பேர்தான். ஆகவே பெரும்பாலான ஆட்டங்களை வெளியூர்களிலேயே ஆடி, அங்கே மட்டும் 101 தோற்றனர். அவ்வாண்டோடு அந்த அணியே கலைக்கப்பட்டது. அங்கே முதலாளி ஊரைக் கைவிட்டார், ஊரும் அணியைக் கைவிட்டது. பெங்களூரார் அவ்வண்ணம் செய்யவில்லை. ஏசிக்கொண்டே மைதானத்துக்கு வந்தனர்.

நாம் என்ன செய்தோம்? நம் இல்லங்களிலே பெரும்பாலும் சென்னைக்கே கைதட்டினோம். அது பிறந்த மண்ணின் பாசம், குற்றமன்று. 1991இல் காவிரித் தீர்ப்பையொட்டி இந்நகரத்தில் நடந்த கொடுமைகளைக் கண்ட முதியோர், பையன்கள் மஞ்சள் சட்டையோடு தெருவுக்குப் போவதைக் கண்டு அஞ்சியதும் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் "நம்ம பெங்களூரு" என்று சொல்லும்போது, தோற்ற அணிக்காகக் கண்ணீர் விடுகிறாயே என்று அவர்களைச் சீண்டினோமே, அது பொருந்துமா? அந்தத் தோற்ற ஆண்டிலேயே மே 21ஆம் நாள், சேப்பாக்கத்தில், 126 ஓட்டங்கள் மட்டுமே எடுத்த பெங்களூர் அணி சென்னையை 112இல் தடுத்து வென்றது. சேப்பாக்கத்தில் சென்னையை மீண்டும் வெல்ல அவர்கள் 2025 மார்ச் 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த வெற்றியைப் பற்றி நம் காலனித் திண்ணையிலே அன்று எவரும் பேசினோமில்லை.

அடுத்த ஆண்டு, 2009. போட்டிகள் தென்னாப்பிரிக்காவில் நடந்தன. தலைமையை இழந்த திராவிட் அணியை விட்டு விலகவில்லை. பீட்டர்சனுக்குக் கீழும் பின்னர் கும்ப்ளேவுக்குக் கீழும் ஒரு சாதாரண ஆட்டக்காரராக ஆடினார். முதல் ஆட்டத்திலே 66 ஓட்டங்கள் அடித்தார். கும்ப்ளே 5 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட்டு வீழ்த்த, முந்தைய ஆண்டின் வெற்றி வீரரான ராஜஸ்தான் 58இல் முடங்கியது. அரையிறுதியில் சென்னை வீழ்ந்தது. இறுதி ஆட்டத்திலே எதிர் நின்றது யார்? 2008இல் எட்டாமிடம் பெற்ற ஐதராபாத் அணி. ஏழாமவரும் எட்டாமவரும் கோப்பைக்கு மோதினர்! நம்மவர் 6 ஓட்டங்களில் தோற்றனர்.

அதன்பின் கோப்பை கைக்கு வர 2025 ஜூன் 3 ஆயிற்று. அதுவும் அதே 6 ஓட்ட வேறுபாட்டில். முதல் இரவில் ஒரே ஓட்டம் எடுத்து வெளியேறிய கோலி பதினெட்டு ஆண்டும் அணி மாறாதிருந்து அதனைக் கண்டார். மறுநாள் அதே சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் கூட்டம் நெரிந்து 11 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இளவயதினர். தோற்ற ஆண்டுகளிலெல்லாம் இந்த மைதானத்துக்குப் போன பிள்ளைகள் முகம் வாடினாலும் வீடு வந்து சேர்ந்தார்கள். வென்ற நாளின் கூட்டத்துக்கு வழி வகுத்து வைக்கப் பெரியவர்கள் தவறிவிட்டார்கள். நடைமேடையில் திருவிழாக் கூட்டத்தைக் கண்டு பழகிய நம்மவர்க்கு அதன் பொருள் நன்கு விளங்கும்.

சிறுவர்களின் நாடகம் திரைக்குப் பின்னே காத்திருக்கிறது. ஒப்பனை கலைந்துவிடும் என்று செயலாளர் ஐயா சைகை காட்டுகிறார்.