சுவரில் வந்து அமரட்டும் நம்ம ஊர்ப் பறவைகள்



பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு நிறத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கலர் சாயம் போகும், எது நிற்கும் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் சுவர்களைக் கொஞ்சம் பாருங்க. பாதி கிழிந்த போஸ்டர், வெற்றிலைக் கறை, 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்ற எழுத்து, அதற்குக் கீழேயே குப்பை. இந்தச் சுவர்களில் நம்ம மண்ணின் உயிரினங்களை வரைவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இது புதுசு இல்லைங்க. சென்னை கண்ணகி நகரில் 2020ஆம் ஆண்டு குடியிருப்புகளின் பெரிய சுவர்கள் முழுக்க ஓவியங்கள் வந்தன. மறுகுடியமர்வுப் பகுதி என்று ஒதுங்கிப் போனவர்கள், படம் பார்ப்பதற்காகவே அந்தப் பக்கம் வந்தார்கள். நியூயார்க்கில் 2014இல் தொடங்கிய 'ஆடுபான்' சுவரோவியத் திட்டத்தில், பருவநிலை மாற்றத்தால் ஆபத்தில் இருக்கும் பறவைகளைக் கடை ஷட்டர்களிலும் சுவர்களிலும் வரைந்தார்கள். கடையைச் சாத்தினால் பறவை தெரியும்! ஷட்டருக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன?

சரி, எதை வரைவது? பல பள்ளிச் சுவர்களில் ஒட்டகச்சிவிங்கியும் பாண்டாவும் இருக்கின்றன. அழகுதான். ஆனால் அவற்றை நம்ம பிள்ளைகள் இந்த மண்ணில் காட்டில் பார்க்கவே முடியாது. நம்ம மாவட்டத்திலேயே வரைய வேண்டியவை நிறைய இருக்கு.

முதலில் நஞ்சராயன் குளம். சர்க்கார் பெரியபாளையம் பக்கம் சுமார் 126 ஹெக்டேரில் இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமும் ஆனது. இங்கேயும் சுற்றுப்புறத்திலும் 191 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் பதிவாகியுள்ளன. குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற பறவை. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு. வரைவதற்கும் சுலபம்.

அடுத்து காங்கயம் மாடு. கன்று பிறக்கும்போது செம்பழுப்பு. ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். தாயையும் கன்றையும் பக்கத்தில் வரைந்தால், பார்க்கிற குழந்தை 'ஏன் ரெண்டும் வேற கலர்?' என்று கண்டிப்பாகக் கேட்கும். பின்னணியில் கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் என்று கொறங்காட்டையும் சேர்த்துவிடுங்க. மேய்ச்சல் நிலம் மனையாகிவிட்டால் அந்த மாட்டுக்குப் போக்கிடம் இல்லை. அதையும் அந்தப் படம் சொல்லும்.

உடுமலைப் பக்கம் போனால் அமராவதி அணை அருகே 1975இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கு. ஆனைமலைத் தொடரில் நம் மாநில விலங்கான வரையாடு இருக்கு. 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் உண்டு.

இன்னொரு விஷயம். நம்ம ஊரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல மாநிலத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழ்ப் பலகையைப் படிக்க முடியாதவர்களுக்கும் படம் புரியும். அவர்களும் தூரத்திலிருந்து வந்தவர்கள், வாத்தும் தூரத்திலிருந்து வந்ததுதான்!

இனி வேலையைத் தொடங்குவது எப்படி?

முதலில் அனுமதி. சுவர் யாருடையதோ, அவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்குங்க. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959 முதல் இருக்கிறது. நல்ல படம்தானே என்று கேட்காமல் வரையக் கூடாது. பள்ளிச் சுவர் என்றால் தலைமையாசிரியர் மூலமாகவும், மாநகராட்சிச் சுவர் என்றால் வார்டு உறுப்பினர் மூலமாகவும் கேளுங்க. பகுதி சபாக் கூட்டத்தில் கோரிக்கையாக வைக்கலாம். கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கு. சுவரை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து மனுவோடு கொடுத்தால் வேலை சீக்கிரம் நகரும்.

இரண்டாவது, சுவர். பழைய போஸ்டரைச் சுரண்டி, ஓதம் இருந்தால் சரிசெய்து, பிரைமர் அடித்த பிறகே வெளிப்புறச் சுவருக்கான எமல்ஷன். இந்த வெயிலுக்குச் சாதா பெயின்ட் தாங்காது. ஸ்கிரீன் பிரிண்டிங் தெரிந்த தம்பி, தங்கச்சிகள் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பீங்க. பெரிய ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்தால் பிள்ளைகளே நிறம் நிரப்பிவிடுவார்கள். துடைக்கப் பனியன் வேஸ்ட் இருக்கவே இருக்கு.

மூன்றாவது, ரொம்ப முக்கியமானது. மிச்சப் பெயின்ட்டையும் பிரஷ் கழுவிய தண்ணீரையும் சாக்கடையில் ஊற்றாதீங்க. சாயக் கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு நமக்குத் தெரியும். கழிவு வெளியேறாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட நாட்களை இந்த ஊர் மறக்கவில்லை. பறவையை வரைகிறேன் என்று அதன் தண்ணீரைக் கெடுத்தால் என்ன நியாயம்?

படம் முடிந்ததும் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்க: உயிரினத்தின் தமிழ்ப் பெயர், எங்கே வாழ்கிறது, அதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன. நேரில் பார்த்த பறவையை 'இ-பேர்ட்' செயலியில் பதிவு செய்யலாம். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டு மாடியிலிருந்தே கலந்துகொள்ளலாம். நீர்நிலையில் யாராவது குப்பை கொட்டினால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகார் சொல்லுங்க.

நம்ம வீடுகளில் சுவரில் மாட்டி மாலை போட்ட படம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். நஞ்சராயன் குளம் நல்லாறு வழியாக வரும் தண்ணீரை நம்பி இருக்கு. அந்த வழியை அடைத்துவிட்டால், நாம் வரையும் வாத்தும் மாலை போட்ட படமாகிவிடும். அப்படி ஆகக் கூடாது. படத்தைப் பார்த்த பிள்ளை 'இது எங்கேப்பா இருக்கு?' என்று கேட்டால், 'வா, காட்டறேன்' என்று வண்டியை எடுக்க முடியணும்.

இந்த மாதம் உங்கள் தெருவில் ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்க. மனுவை எழுதுங்க.